டாக்டரிடம் "பரவாயில்லைங்க" என்று சொல்லாதீர்கள்

யாங்கோனில் என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் நம் பெண்களை "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், விரல் வீங்கியிருக்கும்போதும் "பரவாயில்லைங்க" என்பார்கள். முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவர்கள் டாக்டரிடமும் இதையே சொல்லிவிட்டு வருவதுதான் சிக்கல்.

நோய் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று பார்க்க டாஸ் 28 என்ற மதிப்பெண் இருக்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு, கைவிரல்கள், முழங்கால் என 28 மூட்டுகளில் வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று எண்ணுவார்கள். உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. அளவை ரத்தத்தில் பார்ப்பார்கள். அப்புறம், 0 (மிக நன்று) முதல் 100 (மிக மோசம்) வரை உங்கள் நிலைமை எங்கே என்று உங்களையே கேட்பார்கள். மொத்தம் 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியிருக்கிறது, 5.1-ஐத் தாண்டினால் கடுமை.

அந்தக் கேள்விக்கு 80 சொல்ல வேண்டியவர் கூச்சத்தில் 20 என்று சொன்னால், மதிப்பெண்ணில் 0.84 குறைந்துவிடும். 3.9 வர வேண்டியவருக்கு 3.1 வரும். மிதமான நோய் லேசானதாகத் தெரியும், மருந்தைக் கூட்ட வேண்டிய நேரத்தில் பழைய அளவே தொடரும்.

மதிப்பெண் இறங்கினால் பெரும்பாலும் வாழ்க்கையும் இலகுவாகும். காலை விறைப்பு குறையும், தூக்கம் வரும், முகத்தில் பூசும் தனக்கா கட்டையைக் கல்லில் தேய்க்க மணிக்கட்டு ஒத்துழைக்கும், லுங்கியை இறுக்கிச் செருக முடியும். ஆனால் கணுக்காலும் பாதமும் அந்த 28-இல் கிடையாது! லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் மாடி ஏறி, கோயிலிலும் பகோடாவிலும் வெறுங்காலோடு நடக்கிற நமக்கு இது சின்ன விஷயமா? டாக்டர் கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்.

சிலருக்கு வீக்கம் வடிந்த பிறகும் அசதி போகாது, சமைக்கக்கூட மனம் வராது. ஏற்கெனவே தேய்ந்த மூட்டு, ரத்தசோகை, மனச்சோர்வு என்று காரணம் வேறாக இருக்கலாம். வாதத்துக்கான மருந்தைக் கூட்டினால் மட்டும் இது தீராது. அதனால் எந்த வேலை முடியவில்லை என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கடையில் பொட்டலம் கட்டித் தரும் வலி மாத்திரை. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வீக்கமும் சி.ஆர்.பி.யும் தற்காலிகமாக இறங்கி, மதிப்பெண் பொய்யாக நன்றாகத் தெரியும். சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் பொட்டலத்தையே எடுத்துப் போய்க் காட்டுங்கள். நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எப்படிக் குறைப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.