எஞ்சின் நின்றால் முதலில் நங்கூரம்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் பல வருடம் மீட்புப் படகு ஓட்டினேன். இப்போது பயிற்சி கொடுக்கிறேன். ஆனி, ஆடியில் எங்களுக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: எஞ்சின் நின்றுவிட்டது, வள்ளம் பாறையைப் பார்த்துப் போகிறது.

காரணம் இருக்கிறது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலில் இருப்பவை ஃபைபர் வள்ளங்களும் கட்டுமரங்களும்தான். கட்டி இழுத்துவரப் பெரிய படகு பக்கத்தில் இருக்காது. காற்றோ கடலிலிருந்து கரைக்கு அடிக்கும்.

முட்டம் பக்கம் ஒரு ஆடி மாதக் காலை. தனியாகப் போன இளைஞர். வலைக்கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. முக்கால் மணி நேரம் அதை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் மச்சானுக்குப் போன். எங்களுக்குத் தகவல் வந்தபோது பாறைக்கு 200 மீட்டர்கூட இல்லை.

நங்கூரம் இருந்தது, வலைக்கு அடியில். கயிறு 15 மீட்டர். ஆழமோ 10 மீட்டர். போட்டார், பிடிக்கவில்லை. நங்கூரம் எடையால் மட்டும் பிடிப்பதில்லை. கயிறு சாய்வாக, தரையோடு ஒட்டி இழுத்தால்தான் கொக்கி கவ்வும். செங்குத்தாக இழுத்தால் பெயர்ந்து வரும். ஆழத்தைப்போல் 5 மடங்கு கயிறு வேண்டும், கடல் கடுமையென்றால் 7 மடங்கு. நங்கூரத்தை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி இருந்தால் இன்னும் நல்லது.

அவருக்கும் பாறைக்கும் நடுவில் நாங்கள் போகவில்லை. போயிருந்தால் மீட்க வேண்டியவர்கள் எண்ணிக்கைதான் கூடியிருக்கும். பாறையில் மோதித் திரும்பும் அலையும் வரும் அலையும் சந்திக்கும் இடத்தில் சுக்கான் பேச்சுக் கேட்காது. அலை உடையும் இடத்துக்கு வெளியே எங்கள் நங்கூரத்தைப் போட்டோம். அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, கடல் பக்கம் வைத்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பின்னோக்கி இறங்கினோம். எறிந்த கயிற்றை அவர் உட்காரும் பலகையில் கட்டினார். முதல் இழுப்பிலேயே பலகை பிய்ந்தது.

அடுத்து மிதவை வளையத்தை எறிந்தேன். "மக்கா, வள்ளத்த விடு, வளையத்துக்குள்ள கைய விடு!"

"அண்ணே, எஞ்சின் கடன் இன்னும் தீரல."

அந்த ஒரு நிமிடத்தை அவர்மேல் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் கடல் பக்கமாகக் குதித்தார். இழுத்தோம். வள்ளம் பாறையில் மோதிய சத்தம் பின்னால் கேட்டது.

அவர் எஞ்சினைக் குனிந்து பார்ப்பதற்கு முன்பே நங்கூரத்தைப் போட்டிருக்க வேண்டும். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஒதுங்கினாலும் 1 கிலோமீட்டர் தாண்ட அரை மணி நேரம்தான். நங்கூரம் பிடித்த பிறகு சாவகாசமாகக் கயிற்றை அறுக்கலாம். பிடிக்கவில்லையா, வலையையே அணியத்தில் கட்டிக் கடலில் விடுங்கள். வேகம் குறையும், வள்ளம் அலைக்கு முகம் காட்டி நிற்கும். உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். மச்சானுக்கு முன்னால் கடலோரக் காவல்படையின் 1554 அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. விஎச்எஃப் வயர்லெஸ் கருவி இருந்தால் சேனல் 16.

ஒரு பயிற்சியில் ஒருவர் கேட்டார்: "இம்புட்டுக் கயிறும் வச்சா வலைய எங்க வைக்க?" நியாயமான கேள்வி. கூடையில் சுருட்டி அணியத்தில் வைத்தால் அடங்கிவிடும். மறுமுனையை மட்டும் கரையில் இருக்கும்போதே வள்ளத்தில் கட்டிவிடுங்கள். கட்டாமல் வீசி, நங்கூரமும் கயிறும் ஒன்றாகக் கடலுக்குள் போனதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.