குங்ஃபூ: தண்ணி தூக்குவதற்கும் அதுதான் பேர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிரியாணி சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கூடத்தில் சாய்ந்து கிடந்த நேரத்தில், ‘தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ படத்தைப் போட்டேன். 1978-இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் எடுத்தது. இயக்கம் லாவ் கார்-லியூங், நாயகன் கார்டன் லியூ. பழைய படம், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள் என்று முன்னாலேயே சொல்லித்தான் போட்டேன். பாதிப் படம் போனதும் மச்சான் எழுந்து உட்கார்ந்தார். “என்ன மாப்ள, குங்ஃபூ படம்னு சொன்னே, இவன் தண்ணி தூக்கிக்கிட்டே இருக்கான்?”

நியாயமான கேள்விதான். இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறார்கள். ஷாவோலின் என்ற பௌத்த மடத்துக்குள் பயிற்சி பயிற்சி என்று இழுத்துக்கொண்டே போகிறான், கடைசியில் வில்லனான மஞ்சு தளபதியோடு மோதுகிற சண்டை சட்டென்று முடிந்துவிடுகிறது, இதற்கா இவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்பது ஒரு கட்சி. அந்தப் பயிற்சிக்காகத்தான் படத்தையே பார்க்கிறோம், சண்டை வராவிட்டாலும் பரவாயில்லை என்பது இன்னொரு கட்சி. ஒட்டுமுடி, வாய் ஒருபக்கம் சத்தம் ஒருபக்கம் போகும் ஆங்கில டப்பிங், கை அசைந்தாலே ‘விஷ்க்’ என்று வருகிற ஒலி, திடீர் திடீரென்று முகத்துக்கு அருகில் பாயும் கேமரா, இதற்கெல்லாம் இரண்டு கட்சியுமே சிரிக்கிறது, அதில் தகராறு இல்லை. தகராறு அந்தப் பயிற்சியில்தான். எனக்கென்னவோ இந்தத் தகராறு படத்தைப் பற்றியது இல்லை, ‘குங்ஃபூ’ என்ற சொல்லுக்கு யார் என்ன பொருள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் என்பதைப் பற்றியது என்று தோன்றுகிறது.

சரி, சொல்லுக்கு வருவோம்.

சீனத்தில் இது இரண்டு எழுத்து. முதல் எழுத்து ‘குங்’, பொருள் செயல், உழைப்பு, உழைப்பால் கிடைத்த பேறு. பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் புண்ணியம் என்பதற்கு எழுதிய இரட்டைச் சொல்லிலும் முதலில் நிற்பது இதே எழுத்துதான். ‘சீ குங்’ என்று மூச்சுப் பயிற்சி ஒன்று இப்போது எல்லா ஊரிலும் சொல்லித்தருகிறார்களே, அதன் குங்கும் இதுதான். இரண்டாம் எழுத்து ‘ஃபூ’, தனியாக நின்றால் ஆண், ஆள். இரண்டும் சேர்ந்தால் உழைத்துச் செலவழித்த நேரம், அப்படிச் செலவழித்ததால் கைவந்த திறமை. சண்டை என்ற பொருள் இரண்டு எழுத்திலும் கிடையாது. இன்றைக்கும் சீனர் ஒருவர் தனக்கு ‘குங்ஃபூ இல்லை’ என்றால் பெரும்பாலும் நேரமில்லை என்றுதான் அர்த்தம், அடிக்கத் தெரியாது என்று இல்லை.

இதே சொல் தேநீரில் இருக்கிறது. தென்சீனாவின் சாவோசௌ பக்கம் ‘குங்ஃபூ தேநீர்’ என்று ஒரு வழக்கம். கைப்பிடிக்குள் அடங்குகிற குட்டிக் கூஜா, அதைவிடக் குட்டியான கோப்பைகள், கோப்பைக்கு வெந்நீர் ஊற்றிச் சூடேற்றி, அந்த நீரைக் கொட்டி, இலை போட்டு, முதல் நீரை வடித்து வீசி, அப்புறம் ஊற்றுவது. இதில் யாரும் யாரையும் உதைப்பதில்லை! பக்குவத்துக்கும் பொறுமைக்கும்தான் அந்தப் பேர். நம் ஊரில் ஒரு சமையல்காரரின் ரசத்தைக் குடித்துவிட்டு “கைப்பக்குவம்” என்கிறோமே, கிட்டத்தட்ட அதே இடம். 12-ஆம் நூற்றாண்டில் கன்ஃபூசியச் சிந்தனையாளர் சூ ஷி எழுதும்போது, மனத்தைத் திருத்திக்கொள்ள ஒருவர் அன்றாடம் எடுக்கும் முயற்சிக்கு இந்தச் சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்.

பக்கத்து நாடுகளுக்குப் போனால் இன்னும் சுவாரஸ்யம். இதே இரண்டு எழுத்து, முதல் எழுத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதும் வடிவத்தில், கொரியாவுக்குப் போய் ‘கொங்பு’ ஆனது, அங்கே பொருள் படிப்பு. கொரிய நாடகம் பார்க்கிறவர்களுக்குக் காதில் விழுந்திருக்கும், அம்மா பிள்ளையைப் பார்த்துப் போய்ப் படி என்று விரட்டும்போது வருகிற சொல் அதுதான். ஜப்பானுக்குப் போய் ‘குஃபூ’ ஆனது, அங்கே யோசித்து ஒரு உபாயம் கண்டுபிடிப்பது. ஒரே சொல் ஓரிடத்தில் கையில் போய் உட்கார்ந்தது, ஓரிடத்தில் படிப்பில், ஓரிடத்தில் மூளையில்.

அப்படியானால் சண்டை எப்போது வந்து ஒட்டியது? 1779-இல் பெய்ஜிங்கில் இருந்த சிபோ என்ற பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியாரின் கட்டுரை ஒன்று பாரிஸில் அச்சானது. அதில் இந்தச் சொல் வருகிறது, ஆனால் அவர் எழுதியது தாவோ துறவிகள் நோய் தீர்ப்பதற்காகச் செய்கிற உடல் நிலைகளையும் மூச்சுப் பயிற்சியையும் பற்றி. சண்டைக் கலைக்குச் சீனாவின் முறையான பேர் ‘வூஷூ’. குடியரசுக் காலத்தில் ‘குவோஷூ’, அதாவது நாட்டுக் கலை, என்றார்கள், 1928-இல் நான்ஜிங்கில் அந்தப் பேரிலேயே அரசு ஒரு மத்திய நிறுவனம் வைத்தது. தெற்கே கான்டன், ஹாங்காங் பக்கத்துப் பேச்சில்தான் ‘அவனிடம் நல்ல குங்ஃபூ இருக்கிறது’ என்பது அடிதடித் திறமையைக் குறிக்கிற வழக்காக ஊன்றியது. 1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங் படங்கள் உலகம் முழுக்க ஓட, கூடவே புரூஸ் லீயும் வர, அந்தத் தென்பேச்சு வழக்கு மட்டும் கப்பலேறிப் போய்விட்டது. தேநீரும் படிப்பும் ஊரிலேயே நின்றுவிட்டன.

ஹாங்காங்காரர்களே இன்னொரு பிரிவும் வைத்திருக்கிறார்கள். வாளேந்தி, கூரை மேல் பறந்து, தர்மத்துக்காகப் போராடும் வீரர் கதை ‘வூஷியா’ படம். வெறுங்கை, குத்து, குருகுலம் என்று வருவது குங்ஃபூ படம். நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பேர்தான், ‘கராத்தே படம்’. கராத்தே ஒகினாவாவில் வளர்ந்த ஜப்பானியக் கலை என்பதெல்லாம் டிக்கெட் வாங்குகிற கூட்டத்துக்கு எதற்கு?

சீனாவுக்குப் போன பௌத்தத் துறவி போதிதர்மர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். 2011-இல் ‘7ஆம் அறிவு’ வந்த பிறகு குங்ஃபூவே தமிழன் கொடுத்தது என்பது வாட்ஸ்அப்பில் முடிந்துபோன விஷயம். 7-ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவியர் வரலாறு அவரைத் தென்னிந்தியர் என்கிறது, அதற்கும் முந்திய 547-ஆம் ஆண்டுக் குறிப்பு பாரசீகர் என்கிறது. அவரை ஷாவோலின் உடற்பயிற்சியோடு முடிச்சுப் போடும் நூல் அவருக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து, 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ஆள் யாராக இருந்தாலும், குங்ஃபூ என்ற சொல்லுக்கும் இந்தியாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இங்கிருந்து போன சொல் வேண்டுமென்றால் ‘ஜென்’ இருக்கிறது: தியானம் என்ற வடசொல்தான் சீனத்தில் ‘சான்’ ஆகி ஜப்பானில் ஜென் ஆனது. அதோடு திருப்திப்படலாம்.

இப்போது தமிழ். அகராதி பாணியில் பலர் போடுவது ‘தற்காப்புக் கலை’. வூஷூவுக்கு அது ஓரளவு பொருந்தும், ‘போர்க்கலை’ இன்னும் நன்றாகப் பொருந்தும், ஆனால் குங்ஃபூவுக்கு இரண்டுமே சரியில்லை. குறள் படித்தவர்களுக்கு ‘ஆள்வினை’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். எனக்கும் துடித்தது. ஃபூ என்றால் ஆள், குங் என்றால் வினை, ஆஹா என்று ஒரு நாள் முழுக்கக் குதித்தேன். அப்புறம்தான் உறைத்தது, ஆள்வினையில் இருக்கும் ‘ஆள்’ மனிதன் இல்லை, ஆளுதல் என்ற வினையின் பகுதி. சொல்லின் பொருள் விடாமுயற்சி என்பதால் பக்கத்தில்தான் வருகிறது, ஆனால் எழுத்துக்கு எழுத்து பொருந்தியது வெறும் தற்செயல். அதோடு, முயற்சியைச் சொல்கிறதே தவிர, முயற்சியால் கையில் வந்து தங்கிவிட்ட திறமையை அது சொல்லவில்லை.

என் ஓட்டு ‘கைப்பழக்கம்’ என்பதற்கு. ஔவையார் தனிப்பாடல் எல்லோருக்கும் தெரியும்: “சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம், வைத்ததொரு கல்வி மனப்பழக்கம்.” சீனத்து குங்ஃபூ கைப்பழக்கம் என்றால் கொரியாவின் கொங்பு அந்த மனப்பழக்கம், பாட்டிலேயே இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இப்போது பழக்கம் என்றால் கெட்ட பழக்கமும், ‘அவர் எனக்குப் பழக்கம்’ என்பதும்தான் நினைவுக்கு வரும் என்று சொல்வீர்கள். ஆனால் பழகு என்ற வினை பழைய பொருளை விடவே இல்லை. சைக்கிள் பழகினேன் என்கிறோம். சிலம்பம் பழகுகிறான் என்கிறோம், சிலம்பம் படிக்கிறான் என்று யாரும் சொல்வதில்லை.

இதை வைத்துக்கொண்டு மச்சான் எரிச்சல்பட்ட அந்தத் தண்ணீர்க் காட்சியைப் பாருங்கள். நாயகன் சான் டே இரண்டு கையிலும் வாளி பிடித்து, கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி மேட்டில் ஏற வேண்டும். மேல்கையில் கத்தி கட்டியிருக்கிறார்கள், முனை விலாவைப் பார்த்து நிற்கிறது. கை ஒரு விரற்கடை தாழ்ந்தால் குத்தும். அதற்கு முன்னால் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் மிதக்கும் மரக்கட்டை மேல் கால்வைத்துத் தாவினால்தான் சோறு. மற்றவர்கள் சர்வ சாதாரணமாகத் தாவிப் போகிறார்கள், இவர் தொப்பென்று விழுகிறார். கண்ணுக்கு ஓர் அறை: கன்னத்துக்கு இரண்டு பக்கமும் ஊதுவத்தி எரிகிறது, தலையை அசைக்காமல் ஆடுகிற விளக்கைக் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். இது எதுவும் சண்டைக்கு முந்திய முன்னுரை இல்லை. சொல்லின் நேர்ப்பொருள்படி பார்த்தால் படத்தில் குங்ஃபூ என்பது இந்தப் பகுதிதான், கடைசியில் வருவது அதை வைத்து அடிக்கிற அடி. பிறகு ஒரு மூத்த துறவியிடம் திரும்பத் திரும்பத் தோற்று, தடியை மூன்று துண்டாக்கிச் சங்கிலியால் கோத்துப் புது ஆயுதம் செய்கிறாரே, அதை ஜப்பானியர் குஃபூ என்பார்கள். லாவ் கார்-லியூங் இதையெல்லாம் தெரிந்துதான் எடுத்திருப்பார். அவர் அப்பா லாவ் சாம், தென்சீனாவின் பேர்பெற்ற குங்ஃபூ ஆசான் வோங் ஃபே-ஹுங்கின் சீடரான லாம் சாய்-விங்கிடம் பழகியவர். சிறு வயதிலிருந்து வீட்டிலேயே அடிபட்டு வந்த மனிதர் அந்த இயக்குநர்.

கூடத்தின் மூலையில் பெரியப்பா ஒருவர்தான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர், இப்போது ஓய்வு. மச்சான் தண்ணி தூக்குவதைப் பற்றிப் புலம்பியபோது அவர் திரும்பாமலே சொன்னார், “நான் கடையில சேர்ந்தப்ப ரெண்டு வருசம் காஜாதான்யா எடுத்தேன். மெஷின்ல கால் வைக்க விடல.” தையல் கடையில் புதிதாகச் சேர்கிற பையனுக்குக் காஜா பையன் என்றுதான் பேர், பட்டன் ஓட்டை தைத்துத் தைத்து விரல் நுனி காய்த்துப்போகும். “அப்புறம் ஒரு நாள் ஊசி தானா போச்சு” என்றார். அவருக்கு யாரும் சொல் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒன்று. குங்பூ, குங்ஃபு, குங்ஃபூ என்று மூன்று விதமாகவும் எழுதுகிறார்கள், நான் கடைசியை வைத்துக்கொள்கிறேன். சீன ஒலிப்பில் முதல் எழுத்து மூச்சைத் தள்ளாமல், தொண்டையை அதிரவிடாமல் வரும் ஒலி. ஆங்கிலத்தில் அதற்கு எழுத்து அமையாமல்தான் k என்றும் g என்றும் இரண்டு வகையாக எழுதித் தவிக்கிறார்கள். நம் சொல்முதல் ‘க’ அப்படியே அந்த ஒலிதான், ‘கண்’ என்று சொல்கிற மாதிரி சொன்னால் போதும். கலையின் பேராக வரும்போது குங்ஃபூ என்றே எழுதுங்கள், சிலம்பத்தை யாரும் சீனத்தில் பெயர்க்கச் சொல்லவில்லையே. பொருள் சொல்ல வேண்டிய இடத்தில் கைப்பழக்கம்.

மச்சானுக்குக் கடைசியில் படம் பிடித்துவிட்டது, அடுத்த பாகம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, 1980-இல் வந்தது, அதே இயக்குநர், அதே நடிகர். அடுத்த ஞாயிறு போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதில் நாயகனை மடத்தில் சீடனாகவே சேர்க்காமல், கட்டடத்தைச் சுற்றி மூங்கில் சாரம் கட்ட விட்டுவிடுகிறார்கள் என்பதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.