ஆடி மாதத்தில் வந்து பாருங்கள்: காவிரி டெல்டாவில் குடியேற ஊர் தேடுவோருக்கு

வங்கிக் கிளைகளில் இருபத்தாறு வருடம் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கிளைகளில்தான். இப்போதும் அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். "சார், சென்னையை விட்டு ஊர்ப்பக்கம் வந்துடலாம்னு இருக்கோம். கும்பகோணமா, தஞ்சாவூரா, மன்னார்குடியா?" வாடகை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் விசாரித்து வைத்திருப்பார்கள். அந்த ஊருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கோயம்புத்தூரில் பத்து வருடம் வேலை பார்த்த ஒரு தம்பி, மாமனார் வீட்டுக்குப் பக்கம் என்று மன்னார்குடியில் வீட்டு உபயோகப் பொருள் கடை போட வந்தார். ஊரைப் பார்க்க அவர் வந்தது தை மாதம். கடைத்தெருவில் நிற்க இடமில்லை. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ரொக்கத்துக்கே விற்றுக்கொண்டிருந்தன. கணக்குப் போட்டார், கடன் கேட்டார். பரிந்துரை எழுதியவன் நான். அந்த வருடம் டெல்டாவுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை நேரத்துக்குத் திறக்கவில்லை, அதனால் முதல் போக நெல்லான குறுவை இல்லை. வைகாசியிலிருந்து கடைக்குள் ஆள் வருவது குறைந்தது. வந்தவர்களும், "அறுவடை முடிஞ்சதும் தர்றேன் அண்ணே" என்று பொருளை எடுத்துப் போனார்கள். தவணையோ மாதாமாதம் ஐந்தாம் தேதி வந்து நின்றது. வருடத்துக்கு இரண்டு முறை பணம் பார்க்கும் ஊரில், மாதம் ஒருமுறை கட்டும் கடனை அவர் தலையில் வைத்தோம். அவர் உழைப்பில் ஒரு குறையும் கிடையாது. ஒன்றரை வருடத்தில் மனைவியின் நகை முழுக்க அடகுக்குப் போனது. அந்தக் கோப்பை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

டெல்டா ஊரின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள நகைக்கடன் கவுண்டர் போதும். ஆனி, ஆடியில் நகை உள்ளே வரும். நாற்றங்கால், உழவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒன்றாக நெருக்கும் நேரம் அது. அடுத்த போகமான சம்பா அறுவடையாகி, அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறியதும், தை, மாசியில் நகை வெளியே போகும். குறுவை கைகொடுத்தால் புரட்டாசி, ஐப்பசியில் ஒரு சின்ன அலை உண்டு. கடைத்தெருவின் தீபாவளி அந்த அலையில்தான் நடக்கிறது. மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 என்று நாள் குறித்திருந்தாலும், 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2022-ல் மே 24-லேயே தண்ணீர் விட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தத் தேதிகள் விவசாயிக்கு மட்டுமான செய்தி என்று நினைக்காதீர்கள். ஜவுளிக்கடை, டூவீலர் ஷோரூம், தனியார் பள்ளியின் கட்டண வசூல் வரை இதற்குக் கட்டுப்பட்டவை.

சரி, எல்லா ஊரும் இப்படியா? இல்லை. தஞ்சாவூர் சம்பளக்காரர்களின் ஊர். மாவட்ட அலுவலகங்கள், மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம், விமானப்படைத் தளம், தனியார் பல்கலைக்கழகங்கள் என்று ஒன்றாம் தேதி பணம் இறங்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். குறுவை பொய்த்த வருடத்திலும் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஹோட்டல்கள் நடந்தன. மாதத் தவணையில் தொழில் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது தஞ்சாவூர்தான். இன்னொரு காரணம், திருச்சி 55 கிலோமீட்டரில் இருக்கிறது. பெல் தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை, விமான நிலையம், பெரிய மருத்துவமனைகள் எல்லாம் போய்வரும் தூரம். கணவன், மனைவி இருவரும் வேலை தேட வேண்டிய குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

கும்பகோணத்துக்குப் பல கால்கள். பாத்திரம், வெற்றிலை, திருபுவனம் பட்டு, சுவாமிமலைச் சிலைகள், நாச்சியார்கோவில் விளக்கு, நவக்கிரகக் கோயில்களுக்கு வரும் வெளியூர்க் கூட்டம். 1904-ல் தொடங்கிய ஒரு வங்கியின் தலைமையகமும், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத் தலைமையகமும் அங்கே உண்டு. ஒரு கால் தளர்ந்தாலும் ஊர் நிற்கும். ஆனால் அது வியாபாரிகளின் ஊர். தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு நடுவே புதிதாக நுழைவது எளிதல்ல. மாதச் சம்பள வேலையும் தஞ்சாவூர் அளவுக்குக் கிடைக்காது. 2028 மகாமகத்தைக் கணக்கில் வைத்து இப்போதே லாட்ஜ் கட்டக் கடன் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கூட்டத்தை நம்பி மாதத் தவணை கட்ட முடியுமா?

நாகப்பட்டினத்துக்கு நாட்காட்டியே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கடைத்தெருவும் அடங்கிக் கிடக்கும். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. விடுதிக்காரர்களுக்கு அது பெரிய வரவு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மாதாமாதம் காசு தரும் என்று நம்பியிருந்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் தோப்புகளைச் சாய்த்தது. நெட்டைத் தென்னை திரும்பக் காய்க்க ஆறேழு வருடம் ஆகும். ஒரே பயிரில் நிற்கும் ஊரின் ஆபத்தை அன்று கண்ணால் பார்த்தேன். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வெளிநாட்டுப் பணம் மழையைப் பார்த்து வருவதில்லை. அது வீட்டுச் செலவுக்கும் கட்டடத்துக்கும் போகிறது, உள்ளூரில் வேலையாக மாறுவது குறைவு.

திருவாரூரில் 2009 முதல் மத்தியப் பல்கலைக்கழகமும், அதை அடுத்து மருத்துவக் கல்லூரியும் வந்தன. மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமானது. இரண்டிலும் சம்பளக்காரர்கள் கூடியிருக்கிறார்கள், ஆனாலும் கடைத்தெரு இன்னும் நெல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மனை விற்கிறவர்கள், "பெரிய ஃபேக்டரி வரப்போகுது சார், இப்பவே வாங்கிப் போடுங்க" என்பார்கள். டெல்டா 2020-ல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமானது. உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிய எண்ணெய் எரிவாயு ஆய்வு போன்றவற்றுக்கு இங்கே தடை. இந்த மண்ணுக்கு அந்தச் சட்டம் தேவை என்று நான் மனதார நம்புகிறேன். அரிசி, தேங்காய், மீன் சார்ந்த தொழில்கள் வளரட்டும். கனரகத் தொழிற்சாலையை நம்பி மனை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

வெளியூர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவருக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். சம்பளம் வெளியிலிருந்து வருவதால் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே உள்ள பாபநாசத்தில் இருந்தாலும் பாதகமில்லை. அந்த வேலை போனால் அடுத்த வேலை ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்குமா என்பதை மட்டும் யோசியுங்கள். வாடகை குறைவு என்பதைத் தனி லாபமாக எடுக்க வேண்டாம். ஊரில் வருமானம் குறைவாக இருப்பதால்தான் பல இடங்களில் வாடகையும் குறைவு. சம்பளம் இதே ஊரில் தேட வேண்டியவருக்கு இரண்டும் சேர்ந்தே குறையும்.

ஊரைப் பார்க்கப் பொங்கலுக்கு வராதீர்கள். ஆடியில் ஒரு வாரம் வந்து தங்குங்கள். கடைத்தெருவில் எத்தனை ஷட்டரில் 'வாடகைக்கு' என்று எழுதியிருக்கிறது என்று எண்ணுங்கள். மளிகைக் கடையில் கடன் நோட்டு எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். காலை முதல் ரயிலில் யார் எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறார்கள் என்று கவனியுங்கள். வேலை எந்த ஊரில் இருக்கிறது என்று அந்த ரயிலே காட்டிவிடும். உள்ளூர்ப் பேப்பரில் நகை ஏல அறிவிப்பு எத்தனை பக்கம் வருகிறது என்பதையும் பாருங்கள். குடிவந்த பிறகும் வீடு வாங்க அவசரம் வேண்டாம். ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் வாடகை வீட்டிலேயே கடக்கட்டும். கடை போடுவதாக இருந்தால், ஆறு மாதத் தவணைப் பணத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டு வைத்துவிட்டு, அப்புறம் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள்.