தடைக்காலப் பணம் வரவில்லையா? நெத்திலிக்குப் போகும் குடும்பங்கள் கவனிக்க

மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இந்தத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இதற்காகத் தமிழ்நாடு அரசு ஒரு கடல் மீனவர் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. திட்டம் இவ்வளவுதான். அந்தப் பணம் கைக்கு வருவதற்குள் நடக்கும் அலைச்சலைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிவாரணம் கேட்டு அலுவலகம் போனால் நடக்கும் முதல் ஏமாற்று இது: "நீங்க ஃபைபர் படகுலதானே போறீங்க, உங்களுக்குத் தடையே இல்லையே, அப்புறம் எதுக்கு நிவாரணம்?" நெத்திலி வலை வைத்திருக்கும் பலரை இந்த ஒரு கேள்வியே திருப்பி அனுப்பிவிடுகிறது. நம்பாதீர்கள். தடை விசைப்படகுக்கு, நிவாரணம் கடல் மீனவர் குடும்பத்துக்கு. நாட்டுப்படகு, வள்ளம், கரைவலை என்று எதில் போனாலும் சரி, மீன்பிடிப்புதான் பிழைப்பு என்றால் கேட்கலாம். வாய்வார்த்தையாக இல்லை என்று சொன்னால், அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை எழுதித் தர யாரும் முன்வருவதில்லை.

நெத்திலிக்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த மீனின் ஆயுள் ஏறக்குறைய ஒரு வருஷம்தான். ஆறேழு சென்டிமீட்டர் நீளத்திலேயே சினை பிடித்துவிடும், முட்டையையும் ஒரே மூச்சில் கொட்டாமல் தவணை தவணையாகப் பல மாதங்களுக்கு இடும். நீளவட்டமான அந்த முட்டைகள் நீரில் மிதந்து ஒரு நாளளவில் பொரித்துவிடும். குஞ்சுகள் பிழைப்பது கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பொறுத்தது. அதனால் ஒரு வருஷம் வலை தூக்க முடியாத அளவு விழும், அடுத்த வருஷம் டீசல் காசுகூடத் தேறாது. தென்மேற்குப் பருவக்காற்று நேரத்தில் மேற்குக் கரையில் அடிநீர் மேலேறி இரை பெருகும்போது, குமரிமுனை, மன்னார் வளைகுடாப் பக்கம் கூட்டம் கூட்டமாகத் திரளும். ஆக, இந்த மீனின் இனப்பெருக்கம் 61 நாள் காலண்டருக்குள் அடங்குவதில்லை, நெத்திலிக்காரரின் வறண்ட மாதமும் தடை மாதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எனவே தடைக்காலப் பணத்தோடு நின்றுவிடாமல் மற்ற இரண்டையும் விடாமல் கேளுங்கள்: மீன்பிடி குறைவான காலத்துக்கான சிறப்பு உதவித்தொகை 6,000 ரூபாய், சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 4,500 ரூபாய். ஒன்றை வாங்கியதால் மற்றது போய்விடாது.

சேமிப்புத் திட்டத்தில் நீங்கள் 1,500 ரூபாய் கட்ட வேண்டும், அரசு 3,000 சேர்த்துத் திருப்பித் தரும். மீனவப் பெண்களுக்குத் தனியாக இதே போல ஒரு திட்டம் இருக்கிறது, நெத்திலி காயவைத்துக் கருவாடு விற்கும் பெண்களில் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை. மீனவர் நல வாரிய அட்டை இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அது வேறு, மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினர் என்பது வேறு. சேமிப்புத் திட்டத்துக்குச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும், வயது 18-லிருந்து 60-க்குள். தவணையை யாரிடம் கொடுத்தாலும் அப்போதே ரசீது வாங்குங்கள். "நோட்டுல எழுதிக்கிட்டேன்" என்பது ரசீது இல்லை.

இனி ரேஷன் கார்டு. தடைக்கால நிவாரணம் கார்டு கணக்கு. அண்ணன் தம்பி இருவரும் தனித்தனியாகக் கடலுக்குப் போனாலும் ஒரே கார்டில் இருந்தால் ஒரே தொகைதான். கல்யாணமாகித் தனிக்கார்டு வாங்கியவர்கள் தானாகப் பெயர் ஏறிவிடும் என்று காத்திருக்காதீர்கள். தடை தொடங்கும் முன்பே மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கார்டு, ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் கொடுத்துப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். கேரளாவுக்குத் தங்கல் (அங்கேயே தங்கி மீன்பிடிக்க) போகிறவர்கள் கணக்கெடுப்பு நேரத்தில் ஊரில் இல்லாமல் விடுபடுவது வருஷா வருஷம் நடக்கிறது. வீட்டில் யாராவது காகிதங்களோடு தயாராக இருக்கட்டும்.

பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வரவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு வங்கிக் கணக்கில்தான். வங்கிகள் இணைந்த பிறகு பழைய பாஸ்புக்கில் இருக்கும் ஐஎஃப்எஸ்சி எண் செல்லாது. ரொம்ப நாள் பணம் போடாமல் எடுக்காமல் விட்ட கணக்கு முடங்கியிருக்கும். இரண்டு மூன்று கணக்கு இருந்தால், ஆதார் எதில் இணைந்திருக்கிறதோ அதில் பணம் விழுந்து நமக்குத் தெரியாமலே கிடக்கும். முதலில் வங்கியில் இதைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் மீன்வளத்துறைக்குப் போங்கள். இல்லாவிட்டால் "வங்கியில போய்க் கேளுங்க", "துறையில போய்க் கேளுங்க" என்று பந்தாடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் நெத்திலி காயவைக்கும் ஒரு அக்கா இரண்டு வருஷப் பணத்தை இப்படித்தான் இழந்தார். கணவர் இறந்த பிறகும் பட்டியலில் அவர் பெயரும் கணக்குமே இருந்தன. ஒரு அலுவலகம் வாரிசுச் சான்று கேட்டது, இன்னொன்று அதெல்லாம் வேண்டாம், கார்டில் பெயர் நீக்குங்கள் என்றது, மூன்றாவது தடவை போனபோது சம்பந்தப்பட்டவர் லீவு. போன ஒவ்வொரு நாளும் அவருடைய மீன் வெயில் காணாமல் வீணானது. கடைசியில் இ-சேவை மையத்தில் கணவர் பெயரை நீக்கி, தன்னைக் குடும்பத் தலைவியாக மாற்றி, தன் பெயரில் இருக்கும் பாஸ்புக்கோடு மனுக் கொடுத்த பிறகுதான் வேலை நடந்தது. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் தடை வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே மாற்றிவிடுங்கள்.

மனுவை எப்போதும் இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள், அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் அந்தப் பிரதியோடு போய் நில்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் "என் குடும்ப அட்டைக்கு இந்த வருஷ நிவாரணம் அனுப்பப்பட்டதா, எந்தத் தேதியில், எந்தக் கணக்குக்கு?" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.