மண் பட்டிக்கும் நீராவிக் குளியலுக்கும் காப்பீட்டுப் பணம் கிடைக்குமா?

மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியின் கடைசிப் பக்கங்களில் 'விலக்குகள்' என்றொரு பட்டியல் பொடி எழுத்தில் இருக்கும். அதில் 13-வது விலக்கைத் தேடிப் பாருங்கள். இயற்கை மருத்துவ நிலையங்கள், ஸ்பா போன்ற இடங்களில் எடுக்கும் சிகிச்சைக்குப் பணம் தர மாட்டோம் என்று அதில் இருக்கும். எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

ஆனால் 2024 ஏப்ரல் 1 முதல், ஆயுஷ் (ஆயுர்வேதம், யோகா, சித்தா, யுனானி, ஹோமியோபதி போன்ற முறைகள்) சிகிச்சைகளை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. ஆயுஷில் இயற்கை மருத்துவமும் சேர்த்திதான். அப்படியானால் எது செல்லும்?

இரண்டும் செல்லும். நீங்கள் எங்கே, எதற்காகப் படுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரசு ஆயுஷ் மருத்துவமனை என்றால் சிக்கல் குறைவு. தனியார் என்றால் உள்ளூர் அதிகாரியிடம் பதிவு, குறைந்தது 5 படுக்கைகள், நாள் முழுக்கப் பொறுப்பில் ஒரு தகுதி பெற்ற மருத்துவர், அன்றாடச் சிகிச்சைப் பதிவேடு எல்லாம் வேண்டும். தோப்புக்குள் நாலு குடில் போட்டு வாழை இலைக் குளியல் தரும் இடம் எவ்வளவு நல்ல இடமானாலும் இதில் தேறாது.

மருத்துவரின் பதிவு எண்ணை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். சித்தா, ஆயுர்வேதத்துக்கு மருத்துவர் பதிவைக் கவனிக்க ஒரு மத்திய ஆணையம் உண்டு. அதை அமைத்த 2020-ம் ஆண்டுச் சட்டத்தில் இயற்கை மருத்துவம் இடம்பெறவில்லை. பதிவு மாநிலங்களின் கையில் இருப்பதால், வாரக் கடைசி வகுப்பு முடித்தவரும் 'இயற்கை மருத்துவர்' என்று பலகை மாட்டிக்கொள்கிறார். நீங்கள் தேட வேண்டியது ஐந்தரை ஆண்டு பி.என்.ஒய்.எஸ். (இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பு) படித்தவரை.

அடுத்தது டிஸ்சார்ஜ் சம்மரி, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனை தரும் சிகிச்சைச் சுருக்கம். 'உடல் சுத்திகரிப்பு, 10 நாள்' என்று எழுதியிருந்தால் கிளெய்ம் அன்றே படுத்துவிடும். ஓய்வுக்காகச் சேர்வதற்கும் தனி விலக்கு இருக்கிறது. முடக்குவாதமோ ஆஸ்துமாவோ, நோயின் பெயரும், வெளிநோயாளியாகப் பார்க்காமல் ஏன் சேர்க்க வேண்டியிருந்தது என்ற காரணமும் அதில் இருக்க வேண்டும். இல்லாத நோயை எழுதச் சொல்லாதீர்கள், அது மோசடி.

மறுத்தால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம்.

அரசு மருத்துவமனை என்றால் சிக்கல் குறைவு என்றேன் அல்லவா, சென்னைக்காரர்களுக்கு அப்படி ஒரு வழி, அரும்பாக்கம் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.