கோடு முதலில், உலோகம் பிறகு

உப்புப் போட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தால், நீலமாக எரிந்த கேஸ் சுடர் சட்டென்று மஞ்சளாகும். அது சோடியத்தின் மஞ்சள். சூட்டில் அணுவின் எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறுகிறது. இறங்கும்போது அந்த ஆற்றலை ஒளியாக விடுகிறது. படிகளுக்கு நடுவே உள்ள உயரம் தனிமத்துக்குத் தனிமம் மாறும், நிறமும் அதோடு மாறும்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ராபர்ட் புன்சன் இந்த நிறங்களை வைத்தே உப்புகளை அடையாளம் காணப் பார்த்தார். ஆனால் துளி சோடியம் கலந்திருந்தாலும் அதன் மஞ்சள் மற்றதையெல்லாம் மூடிவிடும். நிறக்கண்ணாடி வழியே பார்த்துச் சமாளித்தார். சுடரின் ஒளியை முப்பட்டகத்தில் பிரித்துப் பார்க்கலாமே என்றார் அங்கேயே பணியாற்றிய இயற்பியலாளர் கிர்க்காஃப். 1859இல் இருவரும் அதற்கொரு கருவி செய்தார்கள். கலந்து கிடந்த ஒளி தனித்தனிக் கோடுகளாக விழுந்தது. ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள், எப்போதும் அதே இடத்தில்.

எவ்வளவு நுட்பம் தெரியுமா? 60 கன மீட்டர் அறையின் ஒரு மூலையில் 3 மில்லிகிராம் சோடியம் குளோரேட்டைப் பால் சர்க்கரையோடு கலந்து வெடிக்க வைத்தார்கள். சில நிமிடங்களில், தொலைவில் எரிந்த சுடரில் சோடியக் கோடு பளிச்சென்று தெரிந்தது!

அப்புறம் ஜெர்மனியின் டுர்க்ஹைம் என்ற ஊரின் ஊற்று நீரைச் சோதித்தார்கள். தெரிந்த உப்புகளை ஒவ்வொன்றாக நீக்கியபின், மிஞ்சிய கரைசலின் ஒரு துளியைச் சுடரில் காட்டினார்கள். அருகருகே இரண்டு நீலக் கோடுகள். அதுவரை அறிந்த எந்தத் தனிமத்துக்கும் அந்த இடத்தில் கோடு கிடையாது. வான்நீலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து சீசியம் என்று பெயர் வைத்தார்கள். அது 1860.

சரி, பொருள் கையில் வேண்டுமே. எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடிக்கும். சுமார் 44 டன் நீரைக் காய்ச்சி வற்றவைத்தார் புன்சன். அந்தச் செறிந்த கரைசலில் பிளாட்டினம் குளோரைடு சேர்த்தால் பொட்டாசியமும் சீசியமும் சேர்ந்தே வீழ்படிவாகும். ஆனால் கொதிநீரில் பொட்டாசியப் படிவு கூடுதலாகக் கரையும். ஆகவே திரும்பத் திரும்பக் கொதிநீரால் கழுவினார். பொட்டாசியக் கோடுகள் மங்கின, நீலம் நின்றது. அதோடு ஊதாவில் வேறு இரண்டு கோடுகளும்! அது ருபிடியம் என்ற இன்னொரு புதிய தனிமம். அடர்சிவப்பிலும் அதற்குக் கோடுகள் உண்டு, பெயர் அந்தச் சிவப்பிலிருந்து வந்தது.

இத்தனைக்கும் கிடைத்தது ஏறக்குறைய 7 கிராம் சீசியம் குளோரைடு, 9 கிராம் ருபிடியம் குளோரைடு. சீசியத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுக்க 1882 வரை ஆயிற்று. அதைச் செய்தவர் வேதியியலாளர் கார்ல் செட்டர்பெர்க்.