ப்ரூபப் என்பது மது வடிப்பகமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் மோவாப் ஊரைப் பற்றித் தமிழில் வருகிற பயணக் குறிப்புகளில் ‘குடும்ப நட்பு மது வடிப்பகம்’ என்று ஒரு தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அங்கே உள்ள ப்ரூபப்பைத்தான், அதாவது பீரை அங்கேயே காய்ச்சிச் சாப்பாட்டோடு பரிமாறும் உணவகத்தைத்தான், இப்படிச் சொல்கிறார்கள். ஒருமுறை என்றால் கடந்து போய்விடலாம். கட்டுரையில், காணொளியின் கீழ் ஓடும் வரியில், உணவகப் பட்டியலில் என்று எங்கும் இதே தொடர். இதைப் படித்த பிறகு எந்தத் தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வாசலை மிதிப்பாள்? உண்மையில் அது பிள்ளைகளோடு போய்ச் சாப்பிடுகிற இடம்.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘ப்ரூ’ பழைய ஆங்கில வினை. தானியத்தைக் கொதிக்கவைத்துப் புளிக்கவிட்டுப் பீர் ஆக்குவதைக் குறிக்கும். ‘பப்’ என்பது ‘எல்லோரும் வந்து போகும் வீடு’ என்ற பொருளுள்ள தொடரின் சுருக்கம். இரண்டும் பழைய சொற்கள், இவற்றை ஒட்டியதுதான் புதிது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகும் ஆக்குகிறவர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று மூன்று கையாகப் பிரித்தே வைத்தார்கள். ஆக்கிய இடத்திலேயே ஊற்றி விற்கப் பல மாநிலங்களில் வழி இல்லை. 1982ல் வாஷிங்டன் மாநிலத்து யாகிமாவில் பெர்ட் கிராண்ட் திறந்ததைத்தான் மதுவிலக்குக்குப் பிந்தைய முதல் ப்ரூபப் என்பார்கள். நாம் பேசுகிற மோவாப் ஊர்க் கடையான மோவாப் ப்ரூவரி 1996ல் வந்தது.

இனி ‘வடிப்பகம்’. மதுவைப் பொறுத்தவரை வடித்தல் என்றால் ஒன்றுதான்: புளித்ததைச் சூடாக்கி, ஆவியைப் பிடித்து, குளிர்வித்துச் சொட்டுச் சொட்டாக இறக்குவது. சாராயமும் விஸ்கியும் ரம்மும் அப்படி வருபவை. இலங்கைத் தமிழில் ‘வடிசாலை’ என்ற சொல் நன்றாகப் புழங்குகிறது. தென்னங்கள்ளிலிருந்து சாராயம் இறக்கும் ஆலைக்கு அது அச்சாகப் பொருந்தும், குறை சொல்ல எதுவும் இல்லை.

பீரின் கதை வேறு. முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, 65 டிகிரி அளவுச் சூட்டு நீரில் ஊறப்போடுகிறார்கள். முளையில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, இனிப்பான கஞ்சி போல ஒரு நீர் கிடைக்கிறது. சக்கையை நீக்கிவிட்டு, அந்த நீரில் ஹாப்ஸ் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவைக்கிறார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்து வருபவை. அப்புறம் ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பீர். ஆவியைப் பிடித்து இறக்குகிற வேலை இதில் எங்கேயும் இல்லை. அதனால்தான் விஸ்கியில் மது 40 சதவீதம் என்றால், சாதாரணப் பீரில் 5 சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. எட்டு மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு பொருளுக்கு ஒரே வினையைக் கொடுப்பது எந்த வகைத் தூய தமிழ்?

“சக்கையை வடிகட்டுகிறார்களே, அப்படியானால் வடிப்பகம் சரிதானே” என்று ஒரு வாதம் வரும். வடிகட்டுவது வேறு, வடிப்பது வேறு. வடிகட்டினாலே வடிப்பகம் என்றால் டிகாஷன் இறக்குகிற ஒவ்வொரு வீடும் வடிப்பகம்தான்.

‘நொதிப்பகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். செய்முறைப்படி தவறில்லை, பெரிய பீர் ஆலைக்குச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். சாப்பிடப் போகிற இடத்துக்கு அது பொருந்தாது, ஆய்வுக்கூட வாடை அடிக்கிறது. என் தேர்வு ‘காய்ச்சுதல்’. கள்ளச்சாராயம் காய்ச்சினார்கள் என்று செய்தியில் படித்துப் படித்து அந்த வினை கெட்டுவிட்டது என்பார்கள். பாலையும் கஷாயத்தையும் கூழையும் நாம் காய்ச்சத்தானே செய்கிறோம்? ஹாப்ஸோடு கொதிக்கவைப்பதும் காய்ச்சுதல்தான்.

தமிழில் இதற்குச் சொல்லே இல்லை என்கிறவர்கள் பெரும்பாணாற்றுப்படையைப் பார்க்கவேண்டும். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற தட்டில் ஆறவைத்து, புளிப்பேற்ற நல்ல அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, சாடியில் விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்த கள் அதில் வருகிறது. மோவாப் கடையின் எஃகுத் தொட்டியில் நடப்பதும் அடிப்படையில் இதே வேலை. வேகவை, ஆற்று, புளிக்கவிடு. அதே நூலில் ‘இல் அடு கள் இன் தோப்பி’ என்றும் வரும். அடுதல் என்றால் சமைத்தல். தோப்பி என்பது நெல்லால் ஆக்கிய கள். தானியத்தில் ஆக்கி, வடிக்காமல் குடிப்பது என்றால் அது பீரின் இனம்தானே? ‘அடுமனை’ என்ற சொல்லைக் கேக்கும் பன்னும் விற்கும் கடைகள் எடுத்துக்கொண்டுவிட்டன, அதைத் திருப்பிக் கேட்க முடியாது. தனித்தமிழில் ஒரே சொல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்கள் ‘தோப்பி உணவகம்’ என்று எழுதட்டும். அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தாலும் அது பொய் சொல்லாது.

அந்த ‘உணவகம்’ என்ற பாதிதான் எனக்கு முக்கியம். யூட்டாவில் இது சட்டத்தின் விஷயம். அங்கே உணவகத்துக்கு ஒரு உரிமம், பாருக்கு வேறு உரிமம். பாருக்குள் 21 வயது ஆகாதவர் நுழையவே கூடாது. உணவக உரிமம் வாங்கினால் வரவில் 70 சதவீதம் சாப்பாட்டிலிருந்து வரவேண்டும். மது கேட்பவர் சாப்பிட வந்தவராகவும் இருக்கவேண்டும், அதனால் பரிமாறுபவர் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுவார். ‘இது உணவகம், பார் அல்ல’ என்று வாசலில் பலகை வைக்கும்படியே 2017ல் ஒரு சட்டம் வந்தது. குழாயில் பிடித்துத் தரும் பீர்கூட 2019 நவம்பருக்கு முன்பு 4 சதவீதம்தான், இப்போது 5. இவ்வளவு கவனமாகக் கோடு கிழித்திருக்கிற ஊரின் கடையை நாம் ஒரே வார்த்தையில் மதுக்கடையாக்கிவிடுகிறோம்.

மோவாபுக்கு யார் போகிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் என்ற இரண்டு தேசியப் பூங்காக்கள் பக்கத்தில். செம்பாறை மேல் மலைச்சைக்கிள், கொலராடோ ஆற்றில் ரப்பர் படகு. ஜூலை வெயில் 38 டிகிரியைத் தொடும். நாளெல்லாம் அதில் அலைந்துவிட்டு, முட்டி வரை செம்மண்ணோடு வந்து உட்காரும் குடும்பத்தில் அப்பா டெட் ஹார்ஸ் ஏல் என்ற பீர் ஒன்று சொல்வார், பிள்ளைகள் பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பார்கள். அந்த ஏலின் பெயர் பக்கத்தில் இருக்கும் டெட் ஹார்ஸ் முனையிலிருந்து வந்தது.

கடைசியாக அந்தக் ‘குடும்ப நட்பு’. பயனர் நட்பு, சூழல் நட்பு, குழந்தை நட்பு என்று ஆங்கிலத்தின் ‘ஃப்ரெண்ட்லி’ என்ற விகுதியை அப்படியே இறக்குமதி செய்யும் வழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் நோயாகப் பரவியிருக்கிறது. நட்பு இரண்டு பேருக்கு நடுவே இருப்பது, கடைக்கும் குடும்பத்துக்கும் நடுவே என்ன நட்பு? ‘குடும்பத்தோடு போகலாம்’ என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்கிறோம், எழுத உட்கார்ந்ததும் ஏன் மறந்துபோகிறது? குடும்பத்தோடு போய்ச் சாப்பிடலாம், பீர் அங்கேயே காய்ச்சுகிறார்கள். இதில் விளங்காதது என்ன?

ஒரு வேறுபாட்டை மட்டும் மொழிபெயர்ப்பவர்கள் கவனித்துக்கொள்ளவேண்டும். பீர் ஆலையை ஒட்டி, சமையலறை இல்லாமல், வெறும் பீர் மட்டும் ஊற்றித் தரும் ‘டாப்ரூம்’ என்ற இடங்களும் உண்டு. யூட்டாவில் பார் வகை உரிமத்தோடு நடக்கும் டாப்ரூமுக்குள் பிள்ளைகளைக் கூட்டிப் போக முடியாது. அதை ‘மதுக்கூடம்’ என்று தாராளமாக எழுதலாம்.